பொருள்களின் மறைகுறையும் வெப்பப் படமும்

சந்தையிலே மட்பானை வாங்கச் செல்லும் ஒருவர் அதனைக் கையிலேந்திச் சுற்றிப் பார்ப்பதோடு அமைவதில்லை. விரலை மடக்கி அதன் வயிற்றிலே தட்டியும் பார்க்கின்றார். கண்ணுக்குத் தோன்றாத கீறலொன்று இருப்பின், கணீரென்று ஒலிக்க வேண்டிய பானை மழுங்கிய ஓசையைத் தரும். பானையை உடையாமலே அதன் குறையை அறியும் இவ்வெளிய வழக்கத்தில் அரிய அறிவியற் கொள்கையொன்று அடங்கியிருக்கின்றது. பொருளுக்குச் சிறிது ஆற்றலைக் கொடுத்து, அவ்வாற்றல் அதனூடு செல்லும் தன்மையிலிருந்து அதன் உள்நிலையை உய்த்துணர்தலே அக்கொள்கையாகும்.

இக்காலத்திலே மனித உயிர் பானையிலும் பன்மடங்கு நுட்பமான பொருள்களை நம்பி நிற்கின்றது. ஆகாயவிமானத்தின் இறக்கையும் வாலும் மெல்லிய படைகள் பலவற்றை ஒன்றன்மேலொன்றாக ஒட்டி அமைக்கப்படுவனவாம். பாலத்தின் தளம் உருக்குக் கம்பிகளை உள்ளடக்கிய கொங்கிறீற்றினாலாயது. இவற்றிலே படைகளின் ஒட்டு விட்டுப்போதலும், உள்ளே வெற்றிடம் தோன்றுதலும், கம்பி துருப்பிடித்தலும் வெளித்தோற்றத்தாற் புலனாவதில்லை. அறுத்துப் பார்ப்பின் ஐயமற அறியலாம். ஆயின், அறுத்த பொருள் பின்னர்ப் பயன்படாது. ஆதலின், பொருளை அழியாது ஆராயும் முறைகள் பல வகுக்கப்பட்டன. ஊடுகதிர்ப் படம், செவிக்கெட்டா ஒலியைச் செலுத்துதல் என்பன அவற்றுட் சில. அவ்வரிசையிலே, ஒலிக்குப் பதிலாக வெப்பத்தைத் தூதாக அனுப்பும் முறையே வெப்பப் பட முறையாகும். அம்முறையின் தோற்றம், இயல்பு, பயன், எல்லை என்பன ஈண்டு ஆராயப்படும்.

கண் காணா ஒளி

செருமனியிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய வில்லியம் ஹேர்ஷல், 1781 ஆம் ஆண்டில் யுறேனசு என்னும் கோளைக் கண்டறிந்து புகழ்பெற்ற வானியலறிஞர். சூரியனைத் தொலைநோக்கியால் ஆராயுங்கால், வெவ்வேறு நிறக் கண்ணாடிகள் வெவ்வேறளவு வெப்பத்தைச் செல்லவிடுதலை அவர் உணர்ந்தார். இதன் காரணத்தை அறியும் பொருட்டு, 1800 ஆம் ஆண்டிலே சூரிய ஒளியை அரியமொன்றினூடு செலுத்தி, அது பிரிந்து தோன்றிய நிறமாலையின் ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல வெப்பநிலை உயர்ந்தது. வியப்பு யாதெனின், சிவப்பைக் கடந்து, ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானி அதனிலும் உயர்ந்த வெப்பநிலையைக் காட்டியமையே. கண்ணுக்குத் தோன்றாத கதிர்கள் அங்கு விழுகின்றன என அவர் முடிவு செய்தார். அவையே இன்று செந்நிறக் கீழ்க்கதிர்கள் எனப்படுவன.

அவர் மைந்தர் யோன் ஹேர்ஷல் 1840 ஆம் ஆண்டில் இக்கதிர்களைக் கொண்டு ஒரு படத்தையே பெற்றார். புகைக்கரி பூசிய தாளை மதுசாரத்தால் நனைத்து, அதன்மேற் கதிர்களை விழச்செய்ய, வெப்பம் மிக்க இடங்கள் விரைவில் உலர்ந்து வேறுபட்டுத் தோன்றின. பின்னர், 1880 ஆம் ஆண்டளவில், அமெரிக்கரான சாமுவேல் இலாங்கிலி மெல்லிய உலோக நாடாவொன்றைக் கதிரளவு கருவியாக அமைத்தார். கதிர் பட்டு நாடா சூடாக, அதன் மின்தடை மாறும். அம்மாற்றத்தை அளந்து கதிரின் வலிமையை அறியலாம். இன்று பெருவழக்கிலுள்ள வெப்பக் கமராக்களுட் பல இக்கொள்கையையே கைக்கொள்கின்றன. இலாங்கிலியின் ஒற்றை நாடாவுக்குப் பதிலாக, வனேடியம் ஒட்சைட்டுப் போன்ற பொருளாலான நுண்ணிய தடைகள் பல்லாயிரம் அவற்றில் நிரல்நிரலாக அமைந்துள்ளன. ஒவ்வொரு தடையும் படத்தின் ஒரு புள்ளியைத் தருகின்றது. இத்தகைய கமரா ஒரு பாகையின் இருபதிலொரு பங்கு வெப்பநிலை வேறுபாட்டையும் பிரித்துக் காட்ட வல்லது.

எல்லாப் பொருள்களும் தத்தம் வெப்பநிலைக்கேற்பக் கதிர்களை வெளிவிடுகின்றன. தனிவெப்பநிலையின் நாலாம் அடுக்குக்கேற்ப அக்கதிர்ப்பு மிகும் என்பதை யோசேப்பு ஸ்ரெபான் 1879 ஆம் ஆண்டில் கூறினார். சாதாரண அறை வெப்பநிலையிலுள்ள பொருளின் கதிர்ப்பு, ஏறத்தாழ 10 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தில் உச்சமடையும். நற்பேறாக, 8 முதல் 14 மைக்கிரோமீற்றர் வரையுள்ள அலைகளை வளிமண்டலம் பெரிதும் தடுப்பதில்லை. ஆயின், சாதாரண கண்ணாடி அவற்றைத் தடுத்துவிடும். ஆதலின், வெப்பக் கமராவின் வில்லைகள் பெரும்பாலும் ஜேர்மானியத்தால் ஆக்கப்படுகின்றன.

அகத்தின் குறை முகத்தில் தெரியுமாறு

வெப்பக் கமரா பொருளின் உள்ளே பார்ப்பதில்லை என்பதை முதலில் மனத்திருத்தல் வேண்டும். ஊடுகதிர் உடலை ஊடுருவுவதுபோல இக்கதிர்கள் கொங்கிறீற்றையோ உலோகத்தையோ ஊடுருவுவதில்லை. கமரா காண்பது மேற்பரப்பின் வெப்பநிலை ஒன்றையே. அவ்வாறாயின், உள்ளேயுள்ள குறை எவ்வாறு வெளிப்படும்?

வெப்பம் ஒரு பொருளினூடு செல்லுங்கால், வழியிலே தடை ஏற்படின் தேங்கி நிற்கும்; வாய்க்காலில் ஓடும் நீரை வரம்பு மறிப்பது போன்றது இது. கொங்கிறீற்றினுள்ளே ஒரு பிளவு இருப்பின், அப்பிளவில் நிறைந்துள்ள வளியே அத்தடையாகும். வளியின் வெப்பக் கடத்தாறு கொங்கிறீற்றினதில் ஏறத்தாழ ஐம்பதிலொரு பங்கே. ஆகவே, மேலிருந்து இறங்கும் வெப்பம் பிளவின்மேல் தேங்க, அதற்கு நேர்மேலுள்ள பரப்பு அயலிலும் சிறிது கூடிய வெப்பநிலையை அடையும். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்னும் பழமொழி மக்களுக்கு எவ்வாறாயினும், வெப்பம் ஓடும் பொருளுக்குப் பொருந்துவதேயாம். ஆயின், வெப்பம் ஓட வேண்டும். அதுவே இன்றியமையாத நிபந்தனை. எங்கும் ஒரே வெப்பநிலையில் அசையாது நிற்கும் பொருளில் எத்துணைப் பெரிய குறை இருப்பினும், கமரா யாதொன்றையும் காட்டாது.

அவ்வோட்டம் பொருளின் இயல்பான தொழிற்பாட்டினாலேயே உண்டாகலாம். மின்கம்பி இணைப்புத் தளருமிடத்துத் தடை மிகுதலின் அவ்விணைப்பு தானே சூடாகும். மின்பாதைகளை ஆராய்வதற்கென்றே சுவீடன் நாட்டு நிறுவனமொன்று 1965 ஆம் ஆண்டில் வெப்பக் கமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தானே வெப்பம் பிறவாத பொருள்களுக்கு வெளியிலிருந்து வெப்பமூட்டுதல் வேண்டும். முன்னையது வாளா நோக்கும் முறை. பின்னையது தூண்டி நோக்கும் முறை. மறைகுறைகளை ஆராய்தற்குப் பின்னையதே பெரிதும் பயன்படுகின்றது.

காலமே ஆழத்தின் அளவுகோல்

தூண்டி நோக்கும் முறைகளுள் மின்னல்விளக்கு முறை சிறப்புடையது. புகைப்படக்காரர் பயன்படுத்துவது போன்ற, ஆனால் அதனிலும் மிக்க வலிமையுடைய விளக்குகள் ஒரு செக்கனில் ஆயிரத்திற் சில பங்கு நேரம் மட்டும் எரிந்து, பொருளின் மேற்பரப்பைச் சிறிது சூடாக்குகின்றன. உடனே கமரா விரைவாகப் படங்களை அடுத்தடுத்து எடுக்கத் தொடங்கும். குறையில்லாத இடத்தில் வெப்பம் தடையின்றி உள்ளிறங்குதலால், மேற்பரப்பு ஒழுங்கான விதிப்படி குளிர்ந்து செல்லும்: மேற்பரப்பு வெப்பநிலை உயர்வு காலத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்மாறாகக் குறையும். குறையுள்ள இடத்திலே வெப்பம் தடைப்படுங் கணத்தில் அவ்விதி மீறப்படும். எவ்வளவு நேரத்தின் பின் மீறப்பட்டது என்பதிலிருந்து குறையின் ஆழத்தைக் கணிக்கலாம்.

இக்கணிப்பில் ஒரு விதி தலைமை பெறுகின்றது. வெப்பம் ஒரு குறித்த ஆழத்தை அடையும் நேரம், அவ்வாழத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதமும், பொருளின் வெப்பப் பரவுகைத் திறனுக்கு நேர்மாறு விகிதமும் உடையது. அலுமினியத்திலே ஒரு மில்லிமீற்றர் ஆழத்தை வெப்பம் ஏறத்தாழ நூறிலொரு செக்கனில் அடையும். காபன் நாரிழைகளைப் பிசினிற் பதித்துச் செய்த தகட்டில் அதே ஆழத்திற்கு இரண்டு மூன்று செக்கன்கள் வேண்டும். ஆழம் இருமடங்காயின் நேரம் நான்கு மடங்காகும். கொங்கிறீற்றில் ஐந்து சதமமீற்றர் ஆழத்திலுள்ள பிளவு மேற்பரப்பிற் புலனாவதற்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் செல்லும். ஆகவே, அலுமினியத்தை ஆராய்பவருக்கு மிக விரைந்த கமரா வேண்டும். கொங்கிறீற்றை ஆராய்பவருக்கு வேண்டுவது பொறுமையே.

பாலங்களின் தளங்களை ஆராயுமிடத்து விளக்குத் தேவையில்லை. சூரியனே வெப்பந் தருவான். குளிர்நாடுகளிலே பனியை உருக்கத் தெருவில் இடும் உப்பு கொங்கிறீற்றினுள்ளே ஊறி, உருக்குக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. துரு உருக்கிலும் பருமனிற் கூடியதாதலின், கொங்கிறீற்றை உள்ளிருந்தே நெம்பிப் பிளக்கின்றது. பகலிலே அப்பிளவின்மேலுள்ள பகுதி அயலிலும் சூடாகத் தோன்றும். கீழிருந்து வெப்பம் வந்து சேராமையால் இரவிலே அப்பகுதியே அயலிலும் குளிர்ந்து தோன்றும். பகலின் நிலை இரவின் நிலையாக மாறும் வேளையிலும், இரவின் நிலை மீண்டும் பகலின் நிலையாக மாறும் வேளையிலும் வேறுபாடே தோன்றாது. அவ்வேளைகளிற் படமெடுப்பவர் சிதைந்த பாலத்தையும் நல்ல பாலமென்று எழுதிவிடுவார். மேகமும் காற்றும் மழையீரமும் இவ்வேறுபாட்டைக் கெடுக்கும். நிழலும் எண்ணெய்க் கறையும் இல்லாத குறையை இருப்பதாகக் காட்டும். கருவி ஒன்றாயினும் காலம் அறிந்தவரே அதனாற் பயன்பெறுவர்.

ஆகாயவிமானங்களின் தேன்கூட்டு அமைப்புடைய பகுதிகளிற் புகுந்த நீரும் இவ்வாறே அறியப்படுகின்றது. நீர் வெப்பக் கொள்ளளவு மிக்கது. உயரத்திலே கடுங்குளிரில் உறைந்த நீர், விமானம் தரையிறங்கிய பின் மற்றைப் பகுதிகள் சூடேறியும் தான் குளிர்ந்தே நிற்கும். அந்நேரத்தில் எடுத்த படத்தில், நீர் தங்கிய அறைகள் கறுத்த புள்ளிகளாகத் தோன்றும். நீரை அகற்றாதுவிடின், அது மீண்டும் மீண்டும் உறைந்து உருகி, தேன்கூட்டைத் தகட்டினின்றும் பிரித்துவிடும்.

கொலம்பியா கற்பித்த பாடம்

மறைகுறையை அறியாமையால் நேரும் இழப்பு எத்துணைப் பெரிது என்பதை, அமெரிக்க விண்ணோடமான கொலம்பியாவின் அழிவு உலகுக்குக் காட்டியது. 2003 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் புளோரிடாவிலிருந்து எழுந்த அவ்வோடத்தின்மேல், எழுந்து ஏறத்தாழ 82 செக்கன்களில், எரிபொருட் கலத்தினின்றும் பெயர்ந்த நுரைத் துண்டொன்று மோதியது. ஒரு கிலோகிராம் நிறையுமில்லாத அத்துண்டு, மணிக்கு ஏறத்தாழ 800 கிலோமீற்றர் சார்வேகத்தில் இடப்பக்க இறக்கையின் முன்விளிம்பைத் தாக்கியது. நிலத்திலிருந்து எடுத்த படங்களில் மோதல் தெரிந்தது. அதனால் விளைந்த சேதம் தெரியவில்லை. பொறியியலாளர் சிலர் விண்ணிலுள்ள ஓடத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டுமெனக் கேட்டனர். அவ்வேண்டுகோள் நிறைவேற்றப்படவில்லை. பெப்ரவரி முதலாம் நாள் ஓடம் திரும்பி வளிமண்டலத்துட் புகுந்தபோது, சூடான வாயு இறக்கையினுட் பாய்ந்து அதனைச் சிதைத்தது. ரெக்சாசு மாநிலத்தின்மேல் ஓடம் உடைந்து சிதற, இந்தியாவிற் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிரிழந்தனர்.

இறக்கையின் முன்விளிம்பு, காபன் நாரிழையாற் காபனையே வலுவூட்டிச் செய்த தகடுகளாலானது. ஒவ்வோர் இறக்கையிலும் 22 தகடுகள் இருந்தன. வளிமண்டலத்தினூடு மீளுங்கால் அவை 1600 பாகை செல்சியசிலும் மேற்பட்ட வெப்பத்தைத் தாங்க வேண்டியிருந்தது. அவ்வெப்பத்திற் காபன் ஒட்சிசனோடு சேர்ந்து எரியாவண்ணம், சிலிக்கன் காபைட்டுப் படையொன்று அதனைக் காத்தது. 2003 யூலை 7 ஆம் நாள், ரெக்சாசிலுள்ள ஆய்வுநிலையமொன்றில் நுரைத் துண்டொன்றை வாயுத் துப்பாக்கியால் இத்தகைய தகட்டின்மேல் எய்தபோது, ஏறத்தாழ 40 சதமமீற்றர் அகலமுள்ள துளை உண்டாயிற்று. அத்தகடுகளைப் பறத்தல்களுக்கிடையே பரிசோதித்த முறையோ, பெரும்பாலும் கண்ணால் நோக்குதலும் கையால் தொட்டுப் பார்த்தலுமாகவே இருந்தது. அம்முறை போதாதென்றும், உட்குறைகளை அறியவல்ல முறைகள் வேண்டுமென்றும் விசாரணைச் சபை விதந்துரைத்தது.

இதன் விளைவாக, மின்னல்விளக்கு வெப்பப் படமுறை கெனடி விண்வெளி நிலையத்தில் முன்விளிம்புத் தகடுகளின் ஒழுங்கான பரிசோதனை முறையாயிற்று. 2006 யூலையிற் பறந்த டிசுக்கவரி ஓடத்தின் வீரர் இருவர், விண்வெளியில் ஓடத்திற்கு வெளியே நின்று, முன்னரே சேதப்படுத்தி வைத்த தகட்டு மாதிரிகளை வெப்பக் கமராவாற் படமெடுத்துச் சோதித்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் மற்றொரு பயணத்திலே இறக்கையின் தகடுகளும் அவ்வாறு படமெடுக்கப்பட்டன. மோதலால் நேர்ந்த துளையைப் புறப்படுமுன் செய்யும் எந்தப் பரிசோதனையும் தடுத்திருக்க இயலாது என்பது உண்மையே. ஆயினும், சேதம் உண்டா இல்லையா என்பதை விண்ணிலேயே கேட்டறிதல் வேண்டும் என்னும் பாடம் எழுவர் உயிரை விலையாகக் கொடுத்தே கற்கப்பட்டது.

முறையின் எல்லைகள்

எந்த முறையும் எல்லாக் குறையையும் காட்டாது. வெப்பம் முன்னோக்கி மட்டுமன்றிப் பக்கங்களிலும் பரவுகின்றது. ஆதலின், ஆழத்திலுள்ள சிறு குறையின் நிழல் மேற்பரப்பை அடையுமுன் கரைந்துவிடும். குறையின் அகலம் அதன் ஆழத்திலும் கூடியதாயிருந்தாலன்றி அது தெளிவாகத் தோன்றாது என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் பொது விதி.

மேற்பரப்பின் காலற்றிறனும், அஃதாவது கதிர்களை வெளிவிடும் திறனும், கருதத்தக்கது. மெருகிட்ட அலுமினியம் தன் வெப்பநிலைக்குரிய கதிர்ப்பில் மிகச் சிறு பங்கையே வெளிவிடும். எஞ்சியவாறு சூழலின் கதிர்களைக் கண்ணாடிபோலத் தெறிக்கச் செய்யும். அதனை நோக்கும் கமரா உலோகத்தின் வெப்பநிலையைக் காட்டாது, எதிரே நிற்பவரின் உடல் வெப்பத்தைக் காட்டுதலும் கூடும். ஆதலின், அத்தகைய பரப்புகளுக்குக் கழுவி நீக்கத்தக்க கருமைப் பூச்சொன்றை இட்ட பின்னரே ஆராய்வர்.

மேற்பரப்புக்குச் செங்குத்தாக இறங்கும் மெல்லிய வெடிப்பு, கீழ்நோக்கிச் செல்லும் வெப்பத்தைத் தடுப்பதில்லை. அது வெப்பம் ஓடும் திசையிலேயே அமைந்திருத்தல் அதற்குக் காரணம். இத்தகைய வெடிப்புகளை அறிதற்கு வேறோர் உபாயம் கையாளப்படுகின்றது. செவிக்கெட்டா ஒலியாற் பொருளை அதிரச்செய்ய, வெடிப்பின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உராய்ந்து தாமே சூடாகும். நல்ல பகுதி குளிர்ந்திருக்க, வெடிப்பு மட்டும் ஒளிரும் கோடாகப் படத்திற் தோன்றும். தட்டிப் பார்த்தலும் வெப்பத்தால் நோக்குதலும் இங்கே ஒன்றுசேர்கின்றன எனலாம்.

படமும் தீர்ப்பும்

குறையைக் காணுதல் வேறு. கண்ட குறை எத்துணைத் தீயது எனத் தீர்ப்புக் கூறுதல் வேறு. 2007 ஆம் ஆண்டு டிசுக்கவரி ஓடம் புறப்படவிருந்த வேளையில் இவ்வேறுபாடு நன்கு வெளிப்பட்டது. இரு இறக்கைகளிலுமுள்ள 44 தகடுகளுள் மூன்றிற் காப்புப் படை தளர்ந்திருக்கலாமென வெப்பப் படங்கள் காட்டின. நாசாவின் பொறியியற் பாதுகாப்பு நிலையம் அம்மூன்றையும் மாற்றுதல் வேண்டுமென அறிவுறுத்தியது. அத்தகடுகளின் நிலை முந்திய இரு பறத்தல்களிலாயினும் மேலும் கெடவில்லை என்பதையும் அதே வெப்பப் படங்களே காட்டியமையால், மாற்றாது பறக்கலாமெனப் பொறுப்பாளர் முடிவு செய்தனர். அக்டோபர் 23 ஆம் நாள் புறப்பட்ட ஓடம் நவம்பர் 7 ஆம் நாள் நலமே திரும்பியது. இரு சாராரும் நோக்கியவை ஒரே படங்கள். கொண்ட முடிவுகள் வேறு. நலமே திரும்பியமை ஒன்றே எடுத்த முடிவு சரியென்பதற்குச் சான்றாகாது. கொலம்பியாவும் அதற்கு முன்னர்ப் பலமுறை நலமே திரும்பிய ஓடமன்றோ! ஆயினும், இம்முறை வினா எழுப்பப்பட்டது, சான்றுகள் முன்வைக்கப்பட்டன, மாறுபட்ட கருத்து மறைக்கப்படாது பலர் முன்னிலையில் ஆராயப்பட்டது. 2003 இல் இல்லாதிருந்தது இதுவே. விண்ணோடப் பறத்தல்கள் 2011 ஆம் ஆண்டு யூலையில் முடிவுற்றன. அவற்றால் வளர்ந்த பரிசோதனை முறையோ விமானத் தொழிலிலும் பிறவற்றிலும் தொடர்ந்து பயன்பட்டு வருகின்றது.

வெப்பக் கமரா நாள்தோறும் மலிவாகியும் சிறியதாகியும் வருகின்றது. கைத்தொலைபேசியோடு பொருத்தத்தக்கனவும் இன்று உள. கருவி எளிதாகக் கிடைக்குந்தோறும், வண்ணப்படம் காட்டுவதெல்லாம் உண்மையெனக் கொள்ளும் மயக்கமும் எளிதில் உண்டாகும். படத்திலுள்ள சிவப்பும் நீலமும் பொருளின் நிறங்களல்ல. வெப்பநிலைக்கு மனிதன் இட்ட அடையாளங்களே. அவற்றின் பொருளை உணர வேண்டுமாயின், வெப்பம் எங்கிருந்து வந்தது, எவ்வழிச் சென்றது, எத்துணை நேரம் சென்றது என்னும் மூன்று வினாக்களையும் கேட்டல் வேண்டும். அவ்வினாக்களுக்குரிய விடை கமராவில் இல்லை. பள்ளிப் பௌதிகப் பாடத்தில் வரும் வெப்பக் கடத்தல், கதிர்ப்பு என்னும் அதிகாரங்களிலேயே அதன் தொடக்கம் உள்ளது. பானையைத் தட்டுபவரின் விரலுக்கு மதிப்புத் தருவது அவர் செவியின் பயிற்சி. அதுபோல, வெப்பக் கமராவுக்கு மதிப்புத் தருவது அதனை நோக்குபவரின் அறிவும், ஐயம் தோன்றியவிடத்து அஞ்சாது அதனை எடுத்துரைக்கும் நேர்மையுமேயாம்.